சீலிங்கைப் பெயர்த்த பிறகு: ஜிப்சம், பூச்சுக் கழிவுக்குச் சில குறிப்புகள்

மண்ணச்சநல்லூரில் இப்போது புது வீடு கட்டுகிறவர்களில் பலர் ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போடாமல் விடுவதில்லை. போட்டது எல்லாம் நிலைத்து நிற்பதும் இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கிக் கசியும், ஏசி குழாய் சொட்டும், பலகையில் பழுப்பு வட்டம் விழும். சில மழைக்காலம் கழித்துப் பெயர்க்க வேண்டிய நிலை வந்துவிடும். பெயர்த்ததை எங்கே போடுவது என்று மட்டும் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பெருவளை வாய்க்கால் கரை, கொள்ளிடக் கரை, பக்கத்துக் காலி மனை என்று ஏதோ ஓர் இடத்தில் அது போய் விழுகிறது.

சிமெண்ட் பூச்சு உடைந்தால் கல்லும் மணலும்தான் மிஞ்சும். ஜிப்சம் அப்படி அல்ல. நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அழுகும் குப்பையோடு ஈரத்தில் கிடந்தால் நச்சு வாயு கிளம்பும். கான்கிரீட்டுக்கு அடியில் சேர்ந்தால் அந்தக் கான்கிரீட்டையே கெடுக்கும். அதனால்தான் கீழே உள்ள குறிப்புகளில் பல ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கின்றன: ஜிப்சத்தைத் தனியே பிரியுங்கள், நனையாமல் வையுங்கள்.

1. உளி படும் முன் இருப்பது என்ன என்று பாருங்கள். ஓரத்தில் ஒரு துண்டை உடைத்தால் போதும். இரு புறமும் காகிதம், நடுவே வெள்ளை, நகத்தால் கீறினால் மாவு உதிர்கிறது என்றால் ஜிப்சம் போர்டு. காகிதம் இல்லாமல் நார் கலந்து வார்த்த பூ வேலைப்பாடும் கார்னிஸும் பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்); அதுவும் ஜிப்சம்தான். சாம்பல் நிறமாக, நகத்துக்கு மசியாமல் இருந்தால் சிமெண்ட் பூச்சு. பழைய ஓட்டு வீட்டுச் சுவரில் பழுப்பு வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. சந்தேகம் இருந்தால் மேலே உள்ள பெயிண்டையும் பட்டியையும் நன்றாகச் சுரண்டிவிட்டு, உட்பகுதியில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். சுண்ணாம்பு நுரைக்கும், ஜிப்சம் சும்மா இருக்கும். பட்டியில் சுண்ணாம்புக்கல் தூள் உண்டு என்பதால் அதைச் சுரண்டாமல் பார்த்தால் ஏமாந்து போவோம்.

2. கல்நார் அட்டையாக இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பழைய சமையல்கட்டுச் சார்ப்பு, மாட்டுக் கொட்டகை, மாடிப்படிக்கு மேலே போட்ட கூரை, சில இடங்களில் தட்டையான சீலிங் அட்டை என நம் ஊரில் அது இன்னும் நிறைய இருக்கிறது. கெட்டியாக, சாம்பல் நிறமாக, உடைந்த ஓரத்தில் மெல்லிய நார் தெரியும். அதைச் சுத்தியால் உடைக்கக் கூடாது, கட்டிங் மெஷின் வைக்கக் கூடாது, உலர்ந்த துடைப்பத்தால் கூட்டவும் கூடாது. நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, அட்டையை முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று உள்ளாட்சி அலுவலகத்திலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலோ கேட்டுவிட்டு நகர்த்துங்கள். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் நோய் தெரிய இருபது முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். இன்று இருமல் வரவில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம் இல்லை.

3. எவ்வளவு கழிவு வரும் என்று முன்பே கணக்குப் போடுங்கள். நம் ஊரில் கிடைக்கும் ஜிப்சம் போர்டு பெரும்பாலும் ஆறடிக்கு நாலடி, பன்னிரண்டரை மில்லிமீட்டர் தடிமன். ஒரு போர்டு ஏறக்குறைய 18 முதல் 20 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஐந்து போர்டு. அதாவது 100 கிலோவுக்கு நெருங்கிய எடை. அதற்கு மேல் பி.ஓ.பி. கார்னிஸ், பட்டி, இரும்புச் சட்டம். இதைக் காலையில் வரும் குப்பை வண்டியில் ஏற்றிவிடலாம் என்று நினைப்பது தப்பு.

4. மெயின் சுவிட்சை அணைத்து, விளக்குகளைக் கழற்றி, ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றிய பிறகுதான் வேலை ஆரம்பிக்க வேண்டும். மழையில் நனைந்த சீலிங் என்றால் இன்னும் கவனம் தேவை. ஜிப்சம் தண்ணீரைக் குடித்துத் தொங்கும். ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் முழுப் பலகையாகத் தலையில் இறங்கும். அடியில் யாரும் நிற்க வேண்டாம்.

5. பழைய எனாமல் பெயிண்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த பெயிண்டில், குறிப்பாகக் கதவு, ஜன்னல், சுவரின் அடிப்பகுதிக்கு அடித்த பளபளப்பான எனாமலில், ஈயம் அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது தூளாகித் தரையில் படியும். தவழும் குழந்தை கையில் ஒட்டி வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே கிடையாது. ஆகவே வேலை நடக்கும் நாட்களில் கைக்குழந்தைகளையும் கர்ப்பமாக இருப்பவர்களையும் அம்மா வீட்டுக்கோ மாமியார் வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். பெயிண்ட் அடித்த பூச்சை ஈரப்படுத்தி, தேய்க்காமல் துண்டு துண்டாகப் பெயர்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் தரையைக் கூட்டக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவுச் சாக்கிலேயே போட்டுவிட வேண்டும்.

6. மூக்கில் துண்டு கட்டினால் போதாது. துண்டு பெரிய தூளைத் தடுக்கும். நுரையீரலின் அடிவரை போகும் நுண்தூள் அதன் இழைகளுக்கு இடையே நுழைந்துவிடும். சிமெண்ட் பூச்சிலும் டைல்ஸ் வெட்டும் தூளிலும் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் அதைச் சுவாசித்த தொழிலாளிக்கு சிலிக்கோசிஸ் வந்தால் அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. என்-95 மாஸ்க் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சேர்த்து வீட்டுக்காரரே வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நமக்கு இது இரண்டு நாள் வேலை. அவர்களுக்கு ஆயுள் முழுக்க இதுதான் வேலை.

7. தண்ணீர் தெளிப்பதில் ஒரு கணக்கு உண்டு. சிமெண்ட் பூச்சுக்கும் சுண்ணாம்புக் காரைக்கும் தாராளமாகத் தெளிக்கலாம். ஜிப்சத்துக்குக் கைத்தெளிப்பானால் லேசாக, தூள் அடங்கும் அளவுக்கு மட்டும். குடத்தால் ஊற்றினால் பலகை கூழாகி, எடை கூடி, பிரிக்கவும் முடியாமல் போகும்.

8. சுத்தியை எடுக்கும் முன் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். ஜிப்சம் போர்டு ஆணி அடித்து நிற்பதல்ல, திருகாணியில் நிற்பது. பட்டியைச் சுரண்டித் திருகாணியைக் கழற்றினால் நனையாத பலகைகளில் சில முழுசாக வரும். அவற்றை வேறு அறையில் ஒட்டுப் போட வைத்துக்கொள்ளலாம். ஜி.ஐ. சட்டங்கள் வளையாமல் வந்தால் மறுபடி பயன்படும், வளைந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

9. வேலை தொடங்கும் காலையிலேயே குவியல்களுக்கு இடம் பிரித்துச் சொல்லிவிடுங்கள். மாலையில் சொன்னால் எல்லாம் கலந்திருக்கும். “அண்ணே, சீலிங் துண்டு எல்லாம் இந்தச் சாக்குல. செங்கல், சிமெண்டுப் பூச்சு அந்த மூலையில குவிங்க. இரும்பு, மரம் திண்ணையில. கலந்துறாதீங்க” என்று ஒரு தடவை சொன்னால் யாரும் மறுப்பதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

10. அரிசிச் சாக்கு இதற்கு மிகப் பொருத்தம். அரிசி மில்கள் உள்ள நம் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ பை எங்கும் பரவியது. அந்தப் பை ஒரே ஆள் தூக்கும் அளவு. நன்றாக உலர்ந்த ஜிப்சத் துண்டைப் போட்டு, முக்கால் பை நிரம்பியதும் வாயைக் கட்டிவிடுங்கள். கூரான திருகாணி துருத்திக் கொண்டிருந்தால் பை கிழியும், தூக்குகிறவர் தோளும் கிழியும். ஆகவே திருகாணிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் தனியே சேருங்கள். ஒருமுறை கட்டடக் கழிவு போட்ட சாக்கை உதறிவிட்டு நெல்லுக்கோ தவிட்டுக்கோ திரும்ப எடுக்க வேண்டாம்.

11. கட்டிய சாக்குகளைத் திண்ணையிலோ கார் நிறுத்தும் இடத்திலோ, தரையில் நேராக வைக்காமல் இரண்டு பலகை மேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். ஏன் நனையக் கூடாது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் கரையும். காற்றுப் புகாத ஈரத்தில், வாழை மட்டை, சோறு, இலை, ஏன் அந்தப் பலகையின் காகிதமே அழுகும் இடத்தில், சல்பேட்டைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. அவை வெளியேற்றுவது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். கொஞ்சம் இருக்கும்போது நன்றாக நாறும். அளவு கூடிக்கொண்டே போனால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றது, ஆபத்து நீங்கியது என்று ஆள் உள்ளே இறங்குவது அப்போதுதான்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. கனடாவில் வான்கூவர் வட்டாரம் ஜிப்சம் போர்டைக் குப்பைக் கிடங்கில் கொட்டுவதை 1984-லேயே தடை செய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கும் குப்பை போடும் பள்ளத்தில் ஜிப்சம் சேரக் கூடாது. இங்கிலாந்தில் 2009 ஏப்ரலிலிருந்து இந்த விதி சிறு அளவுக்கும் விலக்கில்லாமல் அமலானது. நம் திருச்சியின் அரியமங்கலம் குப்பைக் கிடங்கில் பல்லாண்டுக் குப்பை மலையாகக் கிடந்து, அதைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடந்ததை எல்லோரும் அறிவோம். ஈரக் குப்பை குவிந்த அப்படிப்பட்ட இடத்துக்கு ஜிப்சம் போகாமல் இருக்க வேண்டுமானால் அதை வீட்டு வாசலிலேயே பிரிப்பது ஒன்றுதான் வழி.

12. பாழுங்கிணற்றிலும் பழைய செப்டிக் டேங்கிலும் ஜிப்சத்தைக் கொட்டவே கொட்டாதீர்கள். பயன்படாத கிணற்றை மூட வீட்டு இடிபாட்டை எல்லாம் தள்ளுவது நம் பக்கத்துப் பழக்கம். மேலே சொன்ன மூன்றும், அதாவது ஈரம், அழுகல், காற்றின்மை, அங்கேதான் ஒன்றாகக் கூடுகின்றன. பிற்பாடு யாராவது அதில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. கிணறு என்றால் இன்னொரு கேடும் உண்டு: கரைந்த சல்பேட் நிலத்தடி நீரில் இறங்கி, பக்கத்து வீட்டு போர் தண்ணீரைக் கடின நீராக்கும். குடிநீரில் சல்பேட் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. வேறு வழி இல்லாத இடத்தில் 400 வரை.

13. பேஸ்மெண்ட் நிரப்ப ஜிப்சம் கலந்த இடிபாட்டை வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். “சும்மா மண்ணுக்குப் பதிலா கொட்டுறோம், கூலி மட்டும் குடுங்க” என்று யாராவது வந்தால் சாக்கைப் பிரித்துப் பாருங்கள். தரைக்கு அடியில் ஈரம் ஏறும்போது ஜிப்சம் கரைந்து, மேலே உள்ள சிமெண்டோடு வினைபுரியும். அந்த வினையில் உண்டாகும் படிகங்கள் ஊதிப் பெருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து விரிசல் விட வைக்கும்; தரை மேலே எழும்பும், டைல்ஸ் பிளக்கும். சிமெண்ட் ஆலையில் கிளிங்கரோடு சில விழுக்காடு ஜிப்சம் சேர்த்துத்தான் அரைக்கிறார்கள். சிமெண்ட் சட்டென்று இறுகாமல் இருக்க அது வேண்டும். டால்மியாபுரத்திலும் அரியலூரிலும் அதை அளந்து போடுகிறார்கள். அளவில்லாமல் அடியில் கிடக்கும் ஜிப்சம்தான் கேடு.

பழைய கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக மறுபடி பயன்படுத்த ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலை 2016-லிருந்து அனுமதிக்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டில் ஜல்லியில் 25 விழுக்காடு வரை, கம்பி போட்டதில் 20 விழுக்காடு வரை, அதுவும் எம்-25 தரம் வரைதான். அப்படிப்பட்ட ஜல்லியில் சல்பேட் 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கணக்குப் பார்த்தால் 100 கிலோ இடிபாட்டில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ஜிப்சம் சேர்ந்தாலே வரம்பு மீறிவிடும். ஓரிரு சாக்கு சீலிங் தூள் ஒரு டிராக்டர் நல்ல செங்கல் உடைசலை வீணாக்கிவிடும் என்பது இதனால்தான்.

14. பிரித்து வைத்த செங்கல் உடைசலும் சிமெண்ட் பூச்சும் வீணாகப் போகாது. பேஸ்மெண்ட் நிரப்ப, கொல்லைப்புறம் சகதியாகும் பாதையை உயர்த்த, கேட்டுக்கு முன்னால் பள்ளத்தை மூட என்று தெருவிலேயே கேட்டு வாங்க ஆள் இருக்கும். பக்கத்தில் வீடு கட்டும் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

15. அக்ரஹாரத்துப் பழைய வீட்டையோ ஓட்டு வீட்டையோ இடிப்பவர்கள் சுண்ணாம்புக் காரையைச் சிமெண்டோடு சேர்த்துக் குவிக்க வேண்டாம். சலித்து எடுத்த காரைத் தூளையும் செங்கல் ஜல்லியையும் புதுச் சுண்ணாம்போடு சேர்த்து மொட்டை மாடித் தளத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்த கொத்தனார்கள் ஸ்ரீரங்கம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயில் திருப்பணிக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்த பிறகு சுண்ணாம்பு வேலையின் மதிப்பு இந்த வட்டாரத்தில் பலருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் சுவரின் அடியில் மூன்றடி உயரம் வரை உப்புப் பூத்து உதிர்ந்த பூச்சை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அதைச் சேர்த்தால் அந்த உப்பு புதுத் தளத்திலும் வந்து பூக்கும்.

16. பி.ஓ.பி. மாவு மிஞ்சினால் உலர்வாகக் கட்டி வையுங்கள். ஏற்கெனவே கரைத்துவிட்டால் சாக்கடையிலோ குளியலறைத் துவாரத்திலோ ஊற்றாதீர்கள். அது காய்ந்துதான் இறுகும் என்பதில்லை, தண்ணீருக்குள்ளேயே கல்லாகும். குழாயை உடைத்துத்தான் எடுக்க வேண்டி வரும். கரைசலைப் பழைய பிளாஸ்டிக் பக்கெட்டிலேயே இறுக விட்டு, மறுநாள் தட்டினால் கட்டியாகக் கழன்று விழும். கட்டியை ஜிப்சம் சாக்கில் சேர்க்கலாம். கரணையையும் சட்டியையும் கழுவிய நீரை ஒரு வாளியில் தெளிய வைத்து, அடிவண்டலைத் தனியே எடுங்கள்.

இதில் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. பி.ஓ.பி. இறுகும்போது நன்றாகச் சூடேறும். 2007-ல் இங்கிலாந்துப் பள்ளி ஒன்றில் கலை வகுப்புக்காகப் பி.ஓ.பி. வாளிக்குள் கையை விட்ட மாணவி ஒருவர், அது இறுகியதும் கையை எடுக்க முடியாமல் தீப்புண் பட்டு விரல்களை இழந்தார். கை அச்சு எடுக்கும் விளையாட்டுக்கு வீட்டில் மிஞ்சிய மாவைக் கொடுக்காதீர்கள்.

17. கண்ணில் சுண்ணாம்போ சிமெண்டோ விழுந்தால் தேய்க்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் இமையை விரித்துக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

18. பி.ஓ.பி. பொம்மை, உடைந்த கொலு பொம்மை, விநாயகர் சிலை ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பி.ஓ.பி. சிலைகளையே வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே வீட்டில் இருப்பதைக் காவிரியிலோ கொள்ளிடத்திலோ விட்டால் எளிதில் கரையாமல் மணலில் கிடக்கும். புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகம் இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வழி கண்டது. புனே மாநகராட்சி அதைச் சில ஆண்டுகளாக மக்களிடம் கொண்டுபோகிறது. பேக்கரிக்காரர்கள் பயன்படுத்தும் அம்மோனியம் பைகார்பனேட்டைச் சிலையின் எடைக்கு ஏறக்குறையச் சமமாக எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சிலையை மூழ்க வைத்து அவ்வப்போது கிளறினால் இரண்டு நாளில் கரைந்துவிடும். மேலே தெளியும் நீரில் இருப்பது அம்மோனியம் சல்பேட், நாம் அறிந்த உரம்தான். நன்றாக நீர் கலந்து செடிக்கு ஊற்றலாம். அடியில் சுண்ணாம்பு படியும். அம்மோனியா நெடி வரும் என்பதால் மாடியில், திறந்த வெளியில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எண்ணெய் வண்ணம் பூசிய சிலை என்றால் வண்ணத்தை முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அந்த நீரைச் செடிக்கு ஊற்றவும் வேண்டாம்.

19. “ஜிப்சம் வயலுக்கு நல்லதுதானே, பலகையைப் பொடித்துப் போட்டால் என்ன?” என்று விவசாயக் குடும்பங்களில் கேட்பது நியாயமான கேள்வி. நிலக்கடலைக்கு எக்டருக்கு 400 கிலோ ஜிப்சத்தை 40 முதல் 45-ஆம் நாளில் இட்டு மண் அணைப்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. களர் நிலத்தைச் சீராக்கவும் ஜிப்சம்தான் மருந்து. நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி இந்தக் களர் நிலங்களில்தான் பல ஆண்டாக ஆய்வு செய்கிறது. ஊட்டத்தூர், காரைப் பக்கத்துக் களிமண் படிவுகளில் ஜிப்சம் இயற்கையாகவே கீற்றுக் கீற்றாகக் கிடக்கிறது. ஆக, பொருள் நம் மண்ணுக்குப் புதிதல்ல.

ஆனால் சீலிங்கிலிருந்து வந்தது சுத்தமான ஜிப்சம் அல்ல. கண்ணாடி நார், பட்டி, பிசின், பெயிண்ட், ஒருவேளை ஈயம் எல்லாம் அதில் உண்டு. பெயிண்ட் பட்ட பலகையை வயலுக்கோ கீரைப் பாத்திக்கோ போடவே கூடாது என்பேன். புதிதாகச் சீலிங் போடும்போது வெட்டி மிஞ்சிய, பெயிண்ட் படாத துண்டு என்றால் காகிதத்தை உரித்துப் பொடித்துப் பூச்செடிக்குக் கொஞ்சம் தூவலாம். வயலுக்கு வேண்டுமானால் மண் பரிசோதனை செய்து, வேளாண் விரிவாக்க மையத்தில் சொல்லும் அளவுக்கு, உர ஜிப்சமாகவே வாங்குங்கள்.

20. போகியன்று எதையும் கொளுத்த வேண்டாம். ஜிப்சம் எரியாது, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர்தான். எரிவது அதன் மேல் உள்ள காகிதமும் பெயிண்டும், கூடவே கிடக்கும் பி.வி.சி. பேனலும். இப்போது பல வீடுகளில் ஜிப்சத்துக்குப் பதில் பி.வி.சி. சீலிங் வந்திருக்கிறது. அதை எரித்தால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் அமிலப் புகையோடு டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் உண்டாகும். பி.வி.சி. பேனலைப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் தனியே கேட்டுப் பாருங்கள்.

21. வாய்க்கால் கரை குப்பைமேடு அல்ல. ஆற்றில் தண்ணீர் வராத மாதங்களில் பெருவளை வாய்க்கால் வறண்டு கிடப்பதைப் பார்த்து, பள்ளம்தானே என்று கொட்டிவிடுகிறார்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்போது அந்த மேடு நீரைத் தடுக்கும். மதகில் சாக்கு அடைக்கும். கடைமடை வயலுக்கு முறைத் தண்ணீர் போய்ச் சேராது. கொள்ளிடக் கரையில் கொட்டியது வெள்ளம் வரும்போது மணலோடு போகும். வாழையும் நெல்லும் இந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. மில்லுக்கு வரும் நெல்லும் அதுதான்.

22. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2016-ல் வந்த கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவை உண்டாக்கியவரே அதற்குப் பொறுப்பு என்றன: தன் வளாகத்துக்குள் வைத்திருக்க வேண்டும், உள்ளாட்சி காட்டும் இடத்தில் சேர்க்க வேண்டும், போக்குவரத்துக்கோ சாக்கடைக்கோ இடைஞ்சலாகத் தெருவில் போடக் கூடாது. பழைய விதிகளுக்குப் பதிலாக 2025-ல் அறிவித்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அவற்றின் கடுமையான கடமைகள் பெரும் கட்டடங்களுக்கு. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைத்து மணலும் ஜல்லியுமாக்கும் ஆலைகள் உண்டு. சிறு ஊர்களுக்கு அந்த வசதி இல்லை என்பதால் நாம் கேட்பதை விட்டுவிடக் கூடாது. வேலை ஆரம்பிக்கும் முன் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய், கட்டடக் கழிவுக்கு ஒதுக்கிய இடம் எது, ஜிப்சத்தைத் தனியே வாங்கிக்கொள்வார்களா, கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் எழுத்திலேயே கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அங்கே ஒரு தனி மூலை ஒதுக்க வேண்டிய தேவை அவர்களுக்கும் புரியும்.

23. தூய்மைப் பணியாளரிடம் ஜிப்சத்தை வீட்டுக் குப்பையோடு மறைத்துக் கொடுக்காதீர்கள். அந்த அக்கா வெறுங்கையால் பிரிக்கிறார்; தூளும் திருகாணியும் அவர் கையில்தான் படும்.

24. குட்டியானையோ டிராக்டரோ பேசும்போது வாடகையை மட்டும் பேசாதீர்கள். எங்கே இறக்கப் போகிறார் என்று கேளுங்கள். “அதெல்லாம் நான் பார்த்துக்கிறேங்க” என்ற பதிலுக்குப் பெரும்பாலும் வாய்க்கால் கரை என்று பொருள். உள்ளாட்சி காட்டிய இடத்தைச் சொல்லி, இறக்கியதும் போனில் ஒரு படம் அனுப்பச் சொல்லி, வாடகையில் ஒரு பகுதியைப் படம் வந்த பிறகு கொடுங்கள். தார்ப்பாய் மூடாத வண்டி துறையூர் சாலையில் போனால் பின்னால் இருசக்கர வண்டியில் வருகிறவர் கண்ணில்தான் தூள் விழும். முடிந்தால் நீங்களே வண்டியோடு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

25. பழையதைப் பெயர்த்த இடத்தில் புதிது போடுவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். மொட்டை மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தி, கசிவு இருந்தால் அதை முதலில் அடையுங்கள். கசிவை விட்டுவிட்டுப் பலகையை மாற்றினால் அடுத்த ஐப்பசியில் அதே பலகை மறுபடி சாக்குக்குப் போகும். பிறகு அறையை நீங்களே அளந்து, ஆறடிக்கு நாலடிப் பலகை எப்படி அமர்ந்தால் வெட்டு குறையும் என்று ஒரு தாளில் வரைந்து மேஸ்திரியிடம் காட்டுங்கள். சீலிங்கை ஓரம் வரை இழுக்காமல் ஹாலின் நடுவில் மட்டும் முழுப் பலகைகளாக நிறுத்துவது பல வீட்டில் அழகாகவே இருக்கிறது. மிஞ்சும் துண்டும் குறைவு. மிஞ்சிய ஒரு முழுப் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காமல், கரையான் ஏறாதபடி தரையிலிருந்து உயர்த்தி, தட்டையாகப் படுக்க வையுங்கள். விளக்கு மாற்றும்போதோ ஏசி பொருத்தும்போதோ ஓட்டை விழுந்தால் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி அடைத்துக்கொள்ளலாம்.